மருத்துவரிடம் கேளுங்கள்: தொடக்க நிலை மலக்குடல் புற்றுநோய்க்கு எந்த அறுவை?

(கடிதம் எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.)

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. மன்னார்குடிக்கு அருகே சொந்த நிலத்தில் சாகுபடி செய்கிறார். ஓராண்டாக மலத்துடன் இரத்தம் போனதை மூலம் என்று நினைத்துத் துத்திக்கீரையும் கைவைத்தியமுமாக இருந்துவிட்டோம். தஞ்சாவூரில் கொலோனோஸ்கோப்பி செய்தபோது, ஆசனவாயிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் 2.5 செ.மீ. அளவுள்ள கட்டி இருப்பது தெரிந்தது. சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘டி1 அல்லது டி2, நிணநீர்க் கணுக்களில் பரவல் தெரியவில்லை’ என்று இருக்கிறது. ஒரு மருத்துவர் ஆசனவாய் வழியாகவே கட்டியை மட்டும் எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் மலக்குடலையே எடுக்க வேண்டும், மலம் சேர வயிற்றில் பை வைக்க நேரும் என்கிறார். அப்பாவிடம் கேன்சர் என்று இன்னும் சொல்லவில்லை. யார் சொல்வது சரி? குறுவை அறுவடை முடியும்வரை காத்திருக்கலாமா?

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அறிக்கையில் உள்ள ‘அல்லது’ என்ற சொல்லில்தான் அவர்கள் பிரிகிறார்கள்.

வரப்பில் நண்டு வளையைக் கண்டால் உங்கள் தந்தை அதன் வாய் எவ்வளவு அகலம் என்று பார்க்க மாட்டார். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றுதான் பார்ப்பார். மலக்குடல் கட்டியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். குடற்சுவரின் உட்படலத்தைக் கடந்து அதற்கு அடுத்த அடுக்கோடு நின்றுவிட்டால் அது டி1. அதற்கும் கீழே உள்ள தசை அடுக்குக்குள் புகுந்துவிட்டால் டி2. டி1 நிலையிலும் ஆழம் கணக்கில் வருகிறது. அந்த இரண்டாம் அடுக்கை மூன்று பங்காகப் பிரித்துப் பார்த்தால், மேல்பங்கோடு நின்ற கட்டிகளில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கும், நடுப்பங்கில் 8 பேருக்கும், அடிப்பங்குவரை சென்றவற்றில் 20 பேருக்குச் சற்று மேலும் நிணநீர்க் கணுக்களில் நோய் சென்றிருக்கக் கூடும். டி2 என்றாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த நிலைதான். இந்தக் கணுக்கள் மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறைக்குள் இருக்கின்றன. ஆசனவாய் வழியாகக் கட்டியை எடுக்கும் அறுவை அவற்றைத் தொடுவதே இல்லை. எம்.ஆர்.ஐ.யில் தெரியாத அளவுக்குச் சிறிய பரவலும் இருக்க முடியும் என்பதால், இரண்டாவது மருத்துவரின் அச்சம் நியாயமானதே.

அவர் சொல்லும் அறுவையில், மலக்குடலின் நோயுற்ற பகுதி அந்தக் கொழுப்புறையோடு சேர்த்து, உறை கிழியாமல் முழுதாக எடுக்கப்படுகிறது. இங்கிலாந்தின் பில் ஹீல்ட் 1980களில் இம்முறையை வலியுறுத்திய பிறகே, அதே இடத்தில் நோய் திரும்ப வருவது பெருமளவு குறைந்தது. இப்போது இதை வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் லேப்பராஸ்கோப்பி முறையிலும் செய்கிறார்கள். ‘பை’ என்ற சொல்லைக் கேட்டுக் குடும்பமே கலங்கியிருக்கும். 7 செ.மீ. உயரத்தில் உள்ள கட்டிக்குப் பெரும்பாலும் நிரந்தரப் பை தேவைப்படாது. குடலை மீண்டும் இணைத்துத் தைத்துவிட்டு, அந்தத் தையல் ஆறும்வரை சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றில் திறந்து தற்காலிகப் பை வைப்பார்கள். சில மாதங்களில் மூடிவிடுவார்கள். அந்த மருத்துவர் எதைக் குறிப்பிட்டார் என்று நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஆயினும் அது பெரிய அறுவை. நூற்றில் சுமார் 10 பேருக்கு இணைப்புத் தையலில் கசிவு ஏற்படலாம். இதயநோயோ கட்டுப்படாத சர்க்கரையோ இருந்தால் ஆபத்து கூடும். சிறுநீர் கழிப்பதும் தாம்பத்திய உறவும் பாதிக்கப்படலாம் என்பதை நம் ஊரில் மருத்துவரும் சொல்லக் கூசுகிறார், நோயாளியும் கேட்கக் கூசுகிறார். மலக்குடல் என்பது தேக்கி வைக்கும் இடம்; அது போய்விட்டால் அடிக்கடி போக வேண்டியிருக்கும், போய்வந்த சிறிது நேரத்தில் மறுபடியும் வரும், வாயுவா மலமா என்று பிரித்தறிய முடியாது. முதல் ஓரிரு ஆண்டுகளில் இவை வெகுவாகத் தணிந்தாலும், சிலருக்கு முற்றிலும் தீர்வதில்லை. வயலில் நாள் முழுவதும் நிற்பவருக்கும், மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் போகிறவருக்கும் இது சின்ன விஷயமன்று.

முதல் மருத்துவர் சொல்லும் முறையில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. ஜெர்மனியின் கெர்ஹார்ட் பூஸ் 1980களில் இதற்கென ஒரு கருவியை உருவாக்கினார்; இப்போது சாதாரண லேப்பராஸ்கோப்பிக் கருவிகளைக் கொண்டும் ஆசனவாய் வழியாகச் சுவரின் முழுத் தடிமனையும் ஒரே துண்டாக வெட்டியெடுக்கிறார்கள். சில நாட்களில் வீடு திரும்பிவிடலாம். ஆனால் கட்டி 3 செ.மீ.க்கு உட்பட்டும், குடலின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகவும், தசையில் புகாமலும், சதைப் பரிசோதனையில் தீவிர வகை அல்லாததாகவும் இருந்தால்தான் இது பொருந்தும்.

என் கருத்தைச் சொல்கிறேன். முதலில் மலக்குடல் வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டு பரிசோதனை கிடைக்குமா என்று விசாரியுங்கள். டி1, டி2 இரண்டையும் பிரித்தறிவதில் அது எம்.ஆர்.ஐ.யைவிடப் பல வேளைகளில் உதவும். டி2 என்று தெளிவானால், உடல்நிலை இடம் கொடுக்கும் ஒருவருக்குப் பெரிய அறுவையையே நான் பரிந்துரைப்பேன். டி1 என்று தோன்றினால் ஆசனவாய் வழி அறுவையை முதற்படியாக எடுத்துக்கொள்ளலாம். அந்தத் துண்டை முழுமையாகச் சோதிக்கும் நோய்க்குறியியல் அறிக்கை வந்த பிறகுதான் சிகிச்சை முடிந்ததா என்பதைச் சொல்ல முடியும். ஆழம் அதிகம், இரத்த நாளத்திலோ நிணநீர் நாளத்திலோ செல்கள் புகுந்துள்ளன, வெட்டிய ஓரத்துக்கு மிக அருகில் நோய் உள்ளது என்று வந்தால், சில வாரங்களுக்குள் பெரிய அறுவைக்குப் போக நேரும். அப்போது முந்தைய வடுவால் அது சற்றுக் கடினமாகலாம். இவற்றுக்கு உங்கள் தந்தை முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும்.

அதனால்தான் அவரிடம் மறைப்பது சரியன்று என்கிறேன். கணுக்களில் நோய் தங்கியிருக்கக் கூடிய சிறிய வாய்ப்பை ஏற்றுக்கொண்டு இயல்பான வாழ்க்கையோடு இருப்பதா, அந்த வாய்ப்பைக் குறைத்துக்கொண்டு மலம் கழிக்கும் பழக்கம் மாறுவதை ஏற்பதா என்பதை மகனோ மருத்துவரோ தீர்மானிக்க இயலாது. மூலத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லி அழைத்துப் போய், கண் விழிக்கும்போது வயிற்றில் பை இருப்பதைப் பார்த்த ஒருவரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர் நோய்க்காக அழவில்லை.

இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள். கட்டியை மட்டும் எடுத்தால், முதல் இரண்டு ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு ஐந்தாம் ஆண்டுவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் உள்நோக்கிப் (எண்டோஸ்கோப்பி) பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் செய்ய வேண்டும். நடவு, களையெடுப்பு என்று தவணையைத் தள்ளிப்போடும் சுபாவம் உள்ளவர் என்றால் இந்த வழி அவருக்கு உகந்ததன்று. அறுவடையைப் பொறுத்தவரை, பரிசோதனைகளுக்காக இரண்டு மூன்று வாரங்கள் ஆவதில் தவறில்லை. ஒரு போகம் முடியும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் என் மாமியாருக்கு மலக்குடலில் இருந்த பாலிப்பை (உட்சுவரில் வளரும் சதை முளை) எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்தார்கள். பரிசோதனையில் அதற்குள் புற்றுநோய் இருந்ததாக வந்தது. அதுதான் எடுத்தாகிவிட்டதே, மேலும் அறுவை எதற்கு?

பதில்: தேவைப்படாமலும் போகலாம். பாலிப் ஒரே துண்டாக வந்ததா, துண்டு துண்டாக வந்ததா என்று கேளுங்கள். பின்னதாயின் ஓரத்தில் நோய் எஞ்சியுள்ளதா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஒரே துண்டாக வந்து, ஓரத்தில் போதிய இடைவெளி இருந்து, ஆழம் குறைவாகவும் நாளங்களில் ஊடுருவல் இல்லாமலும் இருந்தால், தொடர் கண்காணிப்பே போதும். அறிக்கையில் இந்த விவரங்கள் இல்லை என்றால், அந்தச் சதையின் மாதிரி உள்ள கண்ணாடித் தகடுகளையும் அதைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளையும் வாங்கி, புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆயிரக்கணக்கில் ஸ்கேனுக்குச் செலவிடுகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: கதிர்வீச்சிலேயே குணமாக்கி அறுவையைத் தவிர்க்கலாம் என்கிறார்களே? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: பிரேசிலின் ஏஞ்சலிட்டா ஹபர்-காமா முன்வைத்த அந்த அணுகுமுறை, கதிர்வீச்சும் கீமோதெரபியும் எப்படியும் தேவைப்படும் சற்று முற்றிய கட்டிகளை ஒட்டி வளர்ந்தது. மிகத் தொடக்க நிலையில் கதிர்வீச்சு அதற்கே உரிய பக்கவிளைவுகளைக் கொண்டுவரும். அறுவையைத் தாங்க முடியாத முதியவருக்கு யோசிக்கலாம். மற்றவர்களுக்கு அது முதல் தெரிவாகாது.

கேள்வி: என் கணவருக்கு அடுத்த வாரம் அறுவை. தற்காலிகப் பை வைப்பார்களாம். திருத்துறைப்பூண்டி வெயிலில் எப்படிச் சமாளிப்பது?

பதில்: அறுவைக்கு முன்பே வயிற்றில் பைக்கான இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள், அவர் வேட்டி கட்டியபடி உட்கார்ந்தும் நின்றும் குனிந்தும் காட்ட வேண்டும். வேட்டி இறுக்கும் இடத்தில் பை அமைந்துவிட்டால் தினமும் கசியும். சிறுகுடல் திறப்பில் நீரோடு உப்பும் வெளியேறும் என்பதால், வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடிப்பது பயன் தராது. உப்பிட்ட நீராகாரம், மோர், ஓ.ஆர்.எஸ். ஆகியவை வேண்டும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களுக்கு வெளியேறும் அளவை அளந்து எழுதி வையுங்கள். ஒரு நாளில் 1.5 லிட்டரைத் தாண்டினாலோ, சிறுநீர் குறைந்து தலைசுற்றல் வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.