மசாய் மாரா போக மகனின் படிப்புப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: என் மகன் வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். காட்டு விலங்குகள் என்றால் அவனுக்கு உயிர். கென்யாவின் மசாய் மாராவில் வில்டபீஸ்ட் மான் கூட்டம் ஆற்றைக் கடப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்கிறான். எனக்கும் சின்ன வயதிலிருந்தே அந்த ஆசை உண்டு. மூன்று பேருக்கு ரூ.6 லட்சம் ஆகும் என்கிறார் டிராவல் ஏஜென்ட். அதையே கடனாகவும் ஏற்பாடு செய்து தருகிறாராம்: 14% வட்டி, 36 மாதம், மாதத் தவணை ரூ.20,500. எங்கள் இருவர் சம்பளத்தில் கட்டிவிடலாம். கணவருக்குத் தீபாவளி போனஸ் ரூ.30,000 வரும். மகன் படிப்புக்காகப் போட்ட எஃப்.டி. ரூ.9 லட்சமும் கொஞ்சம் நகையும் இருக்கின்றன. மாமியார் இதை வீண் செலவு என்கிறார். என்ன செய்யட்டும்?
வாசகி, திருநகர், மதுரை

பதில்: வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊரில் மண்டபம் பிடித்துக் காதுகுத்து வைக்க இரண்டு லட்சம் செலவானால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பிள்ளைக்குக் காட்டைக் காட்டுவதும் அப்படி மனதாரச் செய்ய வேண்டிய செலவுதான். போய் வாருங்கள். ஆனால் கடனில் வேண்டாம்.

அந்தத் தவணையை 36 மாதம் கட்டினால் மொத்தம் சுமார் ரூ.7,38,000. வட்டி மட்டும் ரூ.1,38,000. இதே ரூ.20,500-ஐ ஜூன் முதல் மாதாமாதம் வங்கி ஆர்.டி. சேமிப்பில் போடுங்கள். வட்டி 6.5% என்று வைத்துக்கொண்டால், இரண்டு தீபாவளி போனஸும் சேர்ந்து 25 மாதத்தில் ரூ.6 லட்சத்தைத் தொட்டுவிடும். அப்போது பையன் எட்டாம் வகுப்பில் இருப்பான். மாராவில் ஆற்றைக் கடக்கும் காலம் பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை. செப்டம்பர் கடைசியில் நம் காலாண்டு விடுமுறை வருகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுத் தொல்லையும் அப்போது இருக்காது. அதற்குள் விலை 10% ஏறினாலும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் சேமிப்பு அதற்குச் சரியாகிவிடும்.

எஃப்.டி.யை மறந்துவிடுங்கள். எடுத்துவிட்டுப் பிறகு போட்டுவிடலாம் என்று எடுத்த படிப்புப் பணம் முழுதாகத் திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. நகைக்கடனுக்குத் தனிநபர் கடனைவிட வட்டி குறைவுதான். ஆனாலும் உங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்குக் கழுத்தில் போட நகை இல்லாமல் நிற்கும் வருத்தத்தை எந்த வட்டிக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

அப்புறம், அந்த ரூ.6 லட்சத்தில் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். முக்கியமாக, காப்பகத்தின் நுழைவுக் கட்டணம். 2024 முதல் மசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர். மற்ற மாதங்களில் 100. நீங்கள் இருவரும் மூன்று நாள் இருந்தாலே 1,200 டாலர், அதாவது ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். பையனுக்குத் தனி. இதை விட்டுவிட்டு விலை சொன்னால் உங்கள் கணக்கே கவிழ்ந்துவிடும். வெளிநாட்டுச் சுற்றுலாவை விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே வசூலிக்கும் டி.சி.எஸ். வரி சேர்ந்ததா என்றும் கேளுங்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம்.

சரி, இரண்டு வருடம் பையன் சும்மா காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022-ல் அறிவிக்கப்பட்ட இடம். பாறைகளில் வல்லூறுகளைப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக்கு ஒரு நாள் போதும். அங்கே சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் சரணாலயம் அமைத்தார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்த்து அது புலிகள் காப்பகமும் ஆனது. என் மகளை அங்கே கூட்டிப்போனபோது ஒரு மரத்தடியில் நின்றிருந்தோம். புளியங்காய்த் தோல் ஒன்று என் சட்டையில் விழுந்தது. நிமிர்ந்தால், நீளமான வாலைக் கிளையில் தொங்கவிட்டு அணில் ஒன்று இரண்டு கையாலும் காயைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. பத்து நிமிடம் மகள் மூச்சுக்கூட விடவில்லை. தேக்கடி படகுச் சவாரிக்கு ஒரு நாள் தங்குவது போலத் திட்டமிடுங்கள். தேனி, கம்பம், குமுளி வழியாகப் பேருந்திலேயே போகலாம்.

இந்தச் சின்னப் பயணங்களுக்கு ஆர்.டி.யைத் தொடாமல் மாதம் ரூ.1,500 தனியாக எடுத்து வையுங்கள். அதில் முதலில் வாங்க வேண்டியது 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர். கென்யாவுக்கும் அதுவே போதும். மாமியாரையும் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போங்கள்.

கடைசியாக ஒன்று. கென்யா போய்த் திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். அரசு அங்கீகரித்த மையத்தில், புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பாக மூன்று பேரும் போட்டுக்கொள்ளுங்கள்.