நாள், நாழிகை, வருஷம்: கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 10,000 நாள் என்றால் எத்தனை வருஷம்?

பதில்: 365.25ஆல் வகுங்கள். 27 வருஷம் போக 138 நாள் மிஞ்சும், ஏறக்குறைய நாலரை மாதம். இது உத்தேசம்தான். எந்தத் தேதியிலிருந்து என்று தெரிந்தால்தான் துல்லியம் வரும்.

கேள்வி: ஐயா, தாத்தா ஜாதகத்தில் 'உதயாதி நாழிகை 17, வினாடி 30' என்று இருக்கிறது. மணிக்கு மாற்றுவது எப்படி?

பதில்: நல்ல கேள்வி. ஒரு நாழிகை 24 நிமிஷம். 17 நாழிகைக்கு 408 நிமிஷம். ஜாதகத்து வினாடியைக் கடிகார செகண்டாக எடுத்துவிடாதீர்கள். 60 வினாடி ஒரு நாழிகை, ஆகவே ஒரு வினாடிக்கு 24 செகண்ட். 30 வினாடிக்கு 12 நிமிஷம். மொத்தம் 420 நிமிஷம், அதாவது 7 மணி நேரம். இதைப் பிறந்த ஊரின் அன்றைய சூரிய உதயத்தோடு கூட்டுங்கள். உதயம் 6.10 என்றால் பிறப்பு பகல் 1.10. சென்னை உதயத்தை வைத்துத் திருநெல்வேலிக்குக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: 18 வயது நிரம்ப எத்தனை நாள்?

பதில்: 6574 அல்லது 6575. இடையில் பிப்ரவரி 29 நாலு முறை வந்ததா ஐந்து முறையா என்று பாருங்கள். பிறந்த தேதி இல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

கேள்வி: எனக்குக் கல்யாணம் எப்போது?

பதில்: ஜோசியரைக் கேளுங்கள்.

கேள்வி: வெறும் 365ஆல் வகுத்தால் போதாதா?

பதில்: போதாது. 10,000 நாளிலேயே ஒரு வாரம் பிசகும்.

கேள்வி: பொங்கல் சில வருஷம் 15ஆம் தேதி வருகிறதே, எல்லாம் லீப் வருஷத்தால் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: பாதி சரி. வாக்கியப் பஞ்சாங்க வருஷம் 365 நாள், 15 நாழிகை, 31 வினாடி, 15 தற்பரை (60 தற்பரை ஒரு வினாடி). நம் கடிகாரத்தில் 365 நாள் 6 மணி 12 நிமிஷம் 30 செகண்ட். ஆங்கில வருஷத்தின் சராசரி 365.2425 நாள். வருஷத்துக்கு 23 நிமிஷம் கூடுதல். 62 வருஷத்தில் அது ஒரு நாளாகிவிடும். விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி, அதாவது சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாள். இன்று அது 14, 15க்கு வந்துவிட்டது.

கேள்வி: 62 வருஷத்துக்கு ஒரு நாள் என்றால், அடுத்தடுத்த வருஷமே 14, 15 என்று மாறுவானேன்? உங்கள் கணக்கு இடிக்கிறதே.

பதில்: இடிக்கவில்லை, நண்பர் சொன்ன பாதி இங்கேதான் வருகிறது. சங்கராந்தி ஒவ்வொரு வருஷமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். பிப்ரவரி 29 வந்தால் அடுத்த சங்கராந்தி ஒரு நாள் முந்திய தேதிக்குத் திரும்பும். அஸ்தமனத்துக்குப் பின் சங்கராந்தி என்றால் பொங்கல் மறுநாள். இந்த ஊசலாட்டத்துக்கு அடியில் அந்த 23 நிமிஷம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. 1900இல் பிப்ரவரி 29 இல்லாததால் தேதி அப்படித் திரும்பவே இல்லை. 2000இல் திரும்பியது. 2100இல் மறுபடி பிப்ரவரி 29 இருக்காது.

கேள்வி: திருக்கணிதப் பஞ்சாங்கத்திலும் வருஷம் இதே அளவா?

பதில்: இல்லை. அங்கே 365 நாள் 6 மணி 9 நிமிஷம் சொச்சம். நண்பரிடம் பேசும்போது எந்தப் பஞ்சாங்கம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வட்டிக்குப் பத்திரத்தில் எழுதியபடி. தமிழ் மாதத்துக்குக் கூடாது. ஆனி 32 நாள் வரை போகும், மார்கழி 29லேயே முடிவதுண்டு. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகில் வேகமாக ஓடுகிறது, அதனால் மார்கழிக்குரிய தனுசு ராசியைச் சூரியன் சீக்கிரம் கடந்துவிடுகிறது.