8 கோர் இருந்தும் என் நிரல் 2 மடங்கு வேகம்கூடத் தருவதில்லையே. அதன் எட்டு த்ரெடும் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதிகள்) ஒரே மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் பூட்டு) வழியாக ஒரே வரிசையிலிருந்து வேலை எடுக்கின்றன. லினக்ஸ் எல்லாக் கோர்களையும் சரியாகப் பயன்படுத்துவதில்லையா?

பயன்படுத்துகிறது. கோர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது எளிது, ஒரே பொருளுக்காக அவை ஒன்றையொன்று காத்திருக்க வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே இதைக் கற்றுக்கொள்ளப் பல வருடங்கள் ஆயின.

1996-இல் வந்த லினக்ஸ் 2.0-தான் பல செயலிகளை (இன்றைய கோர்கள் போல) ஆதரித்த முதல் நிலையான பதிப்பு. அதில் கர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு, பிக் கர்னல் லாக். ஒரு செயலி கர்னலுக்குள் இருந்தால் மற்றது வாசலில் நிற்க வேண்டும். வெறும் கணக்குப் போடும் நிரல்களுக்குப் பாதிப்பில்லை. கோப்பு, நெட்வொர்க் என்று கர்னலை அடிக்கடி கூப்பிடும் சர்வர்களுக்குத்தான் இரண்டாவது செயலி வாங்கியும் பெரிய பலன் இல்லை.

அந்தப் பூட்டை முழுதாக நீக்கியது 2011-இல், 2.6.39 பதிப்பில். ஏன் 15 வருடம்? அந்தப் பூட்டைப் பிடித்திருப்பவரே அதை மறுபடி பிடிக்கலாம், தூங்கப் போனால் அது தானாக விடுபடும். இந்த வசதிகளை நம்பி எழுதிய பழைய வரிகள் எங்கெங்கோ கிடந்தன. ஒவ்வொன்றையும் தேடிப் படித்து, இது எதைத்தான் பாதுகாக்கிறது என்று கண்டுபிடித்து மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பொறுமையான உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, பூட்டைச் சின்னச் சின்னதாக உடைத்தால் போதுமா? போதாது. 2.4 வரை ஓடக் காத்திருக்கும் வேலைகளெல்லாம் ஒரே வரிசையில் இருந்தன, எல்லாச் செயலிகளும் அங்கேதான் வந்து முட்டின. 2003 இறுதியில் வந்த 2.6-இல், கர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார் எழுதிய ஷெட்யூலர் (எந்த வேலை எப்போது எங்கே ஓடும் என்று முடிவு செய்யும் பகுதி) ஒவ்வொரு செயலிக்கும் தனி வரிசை கொடுத்தது. ஒரு வரிசை நீண்டால் மட்டும் வேலையை இடம் மாற்றும். அதுவும் யோசித்துத்தான், ஏனென்றால் இடம் மாறும் வேலை தன் தரவைப் பழைய கோரின் கேஷிலேயே (கோருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) விட்டுவிட்டுப் போகிறது.

நானும் இதில் அடிபட்டிருக்கிறேன். லாக் கோப்புகளை எண்ணும் ஒரு நிரலை எட்டு த்ரெடாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணி, பூட்டே கிடையாது. ஆனாலும் ஒரே த்ரெடில் ஓடியதைவிட மெதுவாக ஓடியது. எட்டு எண்ணிகளும் ஒரே அணியில் அடுத்தடுத்து, தலா 8 பைட். எட்டும் சேர்ந்து 64 பைட், அதாவது ஒரே கேஷ் லைன் (கேஷ் தரவை மொத்தமாகக் கையாளும் ஒரு துண்டு). ஒரு கோர் தன் எண்ணியை மட்டும் மாற்றினாலும் அந்த லைன் முழுவதும் மற்ற கோர்களிடம் செல்லாததாகிவிடும். எண்ணிகளை 64 பைட் இடைவெளியில் தள்ளி வைத்ததும் வேகம் வந்துவிட்டது. கர்னலுக்குள் செயலிக்கு ஒன்றாக மாறிகளைத் தனித்தனியே வைப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

எட்டு த்ரெடும் ஒரே மியூடெக்ஸ் வழியாக ஒரே வரிசையிலிருந்து வேலை எடுக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் சந்தேகம் அங்கேதான். ஒவ்வொன்றாக எடுக்காமல் ஒரு நடைக்கு நூறு வேலையாக எடுத்துப் பாருங்கள். அப்புறமும் வேகம் வராவிட்டால் பெர்ஃப் சி2சி கருவியை ஓட்டுங்கள், எந்த கேஷ் லைனுக்காகக் கோர்கள் அடித்துக்கொள்கின்றன என்று அது காட்டிவிடும்.