உடைந்த சர்ஃப் பலகையை எறியலாமா? உப்புவெளிக் கரையிலிருந்து சில பதில்கள்

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் பைபர் படகு திருத்துவது என் தொழில். பின்னர் அலைமேல் நின்று ஓடும் சர்ஃப் பலகைகளும் திருத்த வந்தன. பலகை, உடுப்பு, கிறீம், கடற்குப்பை என்று பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

அண்ணா, அறுகம் குடாவில் பழையதாக வாங்கிய பலகை நடுவில் முறிந்துவிட்டது. எறிந்துவிட்டு வேறு வாங்கவா? (கம்பஸ் மாணவர், திருகோணமலை)

எறிய வேண்டாம் தம்பி. பலகை என்பது ஏறக்குறைய ஒரு சின்னப் பைபர் படகுதான். வெளியே கண்ணாடி நார்த் துணியும் அதை இறுக்கும் ரெசின் பிசினும், உள்ளே போம் என்ற நுரைப்பொருள். படகில் போம் குறைவு, பலகையில் அதுதான் உடம்பு. பழைய வகைகளில் பொலியூரிதேன் போமும் பொலியெஸ்டர் ரெசினும் இருக்கும். புதியவை பலவற்றில் ரெஜிபோம் (தெர்மோகோல்) இனத்துப் போமும் எப்பொக்சி ரெசினும். ரெசின் ஒருமுறை இறுகினால் மறுபடி உருக்க முடியாது. பொலியூரிதேன் போமும் அப்படித்தான். ரெஜிபோமைத் தனியாக உருக்கலாம், ஆனால் ஒட்டிய துணியையும் ரெசினையும் அதிலிருந்து உரித்தெடுப்பது பெரும்பாடு. குப்பை மேட்டில் போட்டால் கிடந்துகொண்டே இருக்கும். எரித்தால் நச்சுப்புகை.

முறிந்த இரண்டு துண்டையும் நன்றாகக் காயவிட்டு, நடுவில் ஓடும் மரச்சட்டத்துக்கு ஒட்டுக் கொடுத்து, இரண்டு அடுக்குத் துணி போட்டால் பலகை திரும்ப ஓடும். கொஞ்சம் பாரம் கூடும், வளைவு குறையும். பழகுகிறவருக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை.

முறிவதற்கு முன்பே கொண்டு வந்தால் இன்னும் நல்லது. விரல் நுனி அளவு ஓட்டை இருந்தாலும் கடலில் இறங்காதீர்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போய்ப் போமுக்கும் துணிக்கும் இடையிலான ஒட்டைக் கழற்றும். ரெஜிபோம் வகையென்றால் மணி மணியாக உதிர்ந்து கடலுக்குப் போகும். பலகை பத்து வருடம் ஓடுமா, இரண்டு வருடத்தில் குப்பையாகுமா என்பது இந்தச் சின்ன ஓட்டைகளை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

மகனுக்குப் பத்து வயது. விலை குறைந்த மிதவைப் பலகை வாங்கிக் கொடுக்கலாமா? (ஒரு அம்மா, நிலாவெளி)

வேண்டாம் அக்கா. அவற்றில் பல, மெல்லிய துணி போர்த்திய வெறும் ரெஜிபோம். ஒரு அலை சரியாக அடித்தால் இரண்டாகும், அப்புறம் மணிகள் கரை முழுக்க. மீனும் பறவையும் அதை முட்டை என்று விழுங்கும். 2017 செப்டம்பரில் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிகளை நாட்டில் தடை செய்தார்கள். சாப்பாட்டுப் பெட்டிக்கு ஆகாத பொருளைக் கடலுக்குள்ளேயே கொண்டுபோவது எனக்குப் பொறுக்கவில்லை. பலகையை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுங்கள். அல்லது கையளவு மரத்துண்டொன்றைச் செதுக்கிக் கொடுங்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு உடம்பாலேயே அலையில் வழுக்கலாம்.

கடல் குப்பை என்றால் எங்கள் வலையைத்தான் காட்டுகிறார்கள். பலகைக்காரர் சுத்தமா? (கடற்றொழிலாளர், திருக்கடலூர்)

நானும் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைதான் ஐயா. நிறையில் பார்த்தால் பலகையை விட வலையும் மிதவையும்தான் கடலில் அதிகம். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் வலையை யாரும் வேண்டுமென்று விடுவதில்லை. அதன் விலை நமக்குத் தெரியும். கடலடிப் பாறையில் கொளுவும், நீரோட்டம் இழுக்கும், அறுந்து போகும். அறுந்த வலை பல வருடம் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே கிடக்கும். தடை செய்த தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை) இன்னும் மோசம், தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. கிழிந்த வலையையும் நொருங்கிய ரெஜிபோம் பெட்டியையும் வள்ளத்திலேயே கரைக்குக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

கடல் குப்பை முழுவதையும் தொழிலாளர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து 1,600 தொன்னுக்கு மேல் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டியது. பிளாஸ்டிக் சாமான் செய்வதற்கான மூலப்பொருள் அது. பலகைக்காரரோ, வலைக்காரரோ கொட்டவில்லை.

புறாமலைத் தீவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறேன். 'பவளப்பாறைக்குப் பாதிப்பில்லை' என்று எழுதிய வெயில் கிறீமை நம்பலாமா?

அந்த வாசகத்தை மட்டும் நம்பாதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் என்ற இரண்டு பெயரில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஹவாயில் 2018இல் சட்டம் போட்டு 2021 ஜனவரி முதல் இவற்றின் விற்பனையை நிறுத்தினார்கள். தாய்லாந்தும் 2021இல் கடல் தேசியப் பூங்காக்களில் தடுத்தது. நம் புறாமலையும் 2003இலிருந்து தேசியப் பூங்காதான். சிங்க் ஒக்சைட்டு சேர்ந்த வெள்ளைக் கிறீம் பரவாயில்லை. அதைவிட நீளக்கைச் சட்டை மேல்.

ஒன்று சொல்ல வேண்டும். பவளம் வெளிறிப் போவதற்குப் பெரிய காரணம் கடல் சூடாவது. 1998, 2016 இரண்டு வருடமும் உலகம் முழுக்க அதுதான் நடந்தது. கிறீமை மாற்றியதோடு கடமை முடிந்தது என்று யாரையும் நினைக்க விடாதீர்கள். பவளத்தின் மேல் காலூன்றி நின்று படம் எடுப்பவரைத் தடுப்பது இன்றே, உங்கள் கையால் முடிகிற காரியம்.

கெஸ்ட் ஹவுஸில் வாடகைக்கு வெட்சூட் வாங்கி வைக்கவா?

நம் கடல் வெதுவெதுப்பானது, சர்ஃபுக்குக் குளிர் தாங்கும் வெட்சூட் உடுப்பு தேவையே இல்லை. பெரும்பாலும் நியோப்ரீன் என்ற செயற்கை இறப்பரால் செய்வது அது. நியோப்ரீனுக்கு மூலமான குளோரோப்ரீன் புற்றுநோய் தரக்கூடிய இரசாயனம். குளிர்நாடுகளில் வேண்டியவர்களுக்கு இப்போது இயற்கை இறப்பரில் செய்கிறார்கள். 1876இலேயே ஹெனரத்கொடையில் இறப்பர் நட்ட நாடு நம்முடையது என்பதை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

மெழுகு?

பலகையில் கால் வழுக்காமல் பூசும் மெழுகு பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்து வரும் பரஃபின். தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் சேர்ந்ததாகப் பாருங்கள். பழைய மெழுகை மணலில் சுரண்டி விடாதீர்கள், துணியில் துடைத்து எடுங்கள்.

போம் வருவதற்கு முன்பு பலகை எதில் செய்தார்கள்?

மரத்தில்தான். ஹவாயில் அரசகுலத்தார் ஏறிய நீளப் பலகைகளை விலிவிலி என்ற இலேசான மரத்தில் செய்தார்கள். நம் கலியாண வீடுகளில் கன்னிக்காலாக நடும் முள்முருக்கின் நெருங்கிய சொந்தம் அது. ஒருநாள் முள்முருக்கில் ஒரு பலகை செதுக்கிப் பார்க்க எனக்கு ஆசை.

மார்கழியில் அலை நல்லது, ஆனால் தண்ணீர் மண்ணிறமாக இருக்கிறது. இறங்கலாமா?

பெருமழை விட்டு மூன்று நாளாவது பொறுங்கள். ஊர் வாய்க்கால்களின் கழிவும், மகாவலி கொட்டியாரக் குடாவுக்குக் கொண்டுவரும் வெள்ளமும் கலந்த தண்ணீர் அது. காதும் வயிறும் கெடும். காத்திருக்கும் நாளில் கரைக்குப் போய், ஒதுங்கிய போத்தல்களைச் சாக்கில் அள்ளுங்கள். அடுத்த பெரிய அலை அவற்றைத் திரும்ப இழுத்துக்கொண்டு போக முதல் அள்ள வேண்டும்.

நீங்கள் பலகையை உரசும்போது வரும் தூள் எங்கே போகிறது?

இதைக் கேட்டவருக்கு நன்றி. பல வருடம் கரையிலேயே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று உரசினேன். வெள்ளைத்தூள் பறந்து அலையில் விழுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது ரெசினும் கண்ணாடி நாரும், மீனுக்கும் ஆகாது, என் நெஞ்சுக்கும் ஆகாது. அதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. இப்போது கொட்டிலுக்குள், கீழே தறப்பாள் விரித்து, முகமூடி போட்டு, தண்ணீர் தொட்டுத்தான் உரசுகிறேன். சேறு காய்ந்ததும் கூட்டி அள்ளி ரெசினில் குழைத்தால் கெட்டியான பசை கிடைக்கும். பழைய படகுகளின் அடியில் வெளியே தெரியாத பள்ளங்களை அதைக் கொண்டு அடைக்கிறேன்.