கீழ்ப் பர்மாவில், அதாவது பர்மாவின் தெற்குக் கடலோரப் பகுதியில், நெல்லைத் தவிர வேறென்ன விளைகிறது?

நெல்லே முதன்மை என்பதில் ஐயமில்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதிக் கழிமுகத்துச் சதுப்புக் காடுகள் விரைந்து வயல்களாயின. அதற்குக் கடன் கொடுத்த நம் செட்டியார்களின் கைக்கு, 1930-களின் விலைவீழ்ச்சியில் ஈட்டு நிலங்கள் வந்து சேர்ந்து, 1938-க்குள் முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் வசமாயிற்று.

ஆனால் யாங்கோனில் வாழும் எங்களுக்கு அன்றாடம் கண்ணில் படுவது உளுந்து மூட்டைதான். மழைக்கால நெல்லை அறுத்ததும், தாள் நிற்கும் வயலின் எஞ்சிய ஈரத்திலேயே, தஞ்சையின் நெல் தரிசு உளுந்தைப் போல, இதை விதைக்கிறார்கள். பகோ, ஐராவதி வட்டாரங்களில் விளையும் உளுந்தில் பெரும்பகுதி இந்தியாவுக்கே போகிறது. அதனால்தான் 2017-இல் இந்தியா இறக்குமதிக்கு அளவு விதித்தபோது இங்கே விலை சரிந்து உழவர் மிகவும் நொந்தனர்.