கேள்வி-பதில்: ஜேம்ஸ் காரும் அரிய பதிவு வேட்டையும்

கேள்வி: சோல் என்ற கறுப்பின இசைவகையைப் பாடிய அமெரிக்கத் தென்மாநிலப் பாடகர் ஜேம்ஸ் கார் மனநோயால் அவதிப்பட்டவர், அந்த நோய்தான் அவர் குரலில் வேதனையாக ஒலித்தது என்கிறார்கள். அவருடைய உண்மையான உள்ளம் அதிகம் வெளிவராத பதிவுகளில்தான் இருக்கும் என்று நம்பி ஒவ்வொன்றாகத் தேடி வருகிறேன். 1979இல் ஜப்பான் மேடையில் பாட முடியாமல் உறைந்து நின்றாராமே, அந்த நிகழ்ச்சியின் ஒலிநாடா எங்கே கிடைக்கும்?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நாடாவைத் தேடுவதில் உங்களுக்கு உதவ மாட்டேன். மனச்சோர்வு மருந்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டுவிட்டு, கூட்டத்தின் முன்னால் செயலற்று நின்ற ஒரு மனிதரின் அவதி அது. அதில் இசை எங்கே இருக்கிறது?

நோய்தான் பாடியது என்ற கதைக்கு வருவோம். 'யூ'வ் காட் மை மைண்ட் மெஸ்ட் அப்' என்ற பாட்டு 1966இல் அமெரிக்காவின் ரிதம் அண்ட் ப்ளூஸ் (கறுப்பின மக்கள் இசை) வெற்றிப் பட்டியலில் 7ஆம் இடம் வரை ஏறியது. என் மனத்தைக் குழப்பிவிட்டாயே என்று சொல்லும் அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கார் தன் சொந்தக் கதையைப் பாடினார் என்று எழுதுகிறார்கள். பாட்டை எழுதியவர் ஓ. பி. மெக்ளின்டன். பிற்காலத்தில் கன்ட்ரி இசைப் பாடகராகப் பெயர்பெற்ற கறுப்பினக் கலைஞர். காரைக் கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்கிறார்கள்?

காரின் பெயரை நிலைநிறுத்திய 'த டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்' பாட்டும் அவர் எழுதியதல்ல. டான் பென், சிப்ஸ் மோமன் என்ற இரண்டு வெள்ளையர்கள் நாஷ்வில் நகரில் நடந்த வானொலி அறிவிப்பாளர் மாநாட்டின்போது, சீட்டாட்டத்துக்கு நடுவே எழுந்துபோய் அரைமணி நேரத்தில் எழுதி முடித்தார்கள் என்பது அவர்களே பலமுறை சொன்ன கதை. எழுதுவதற்கு ஓட்டல் அறையைக் கொடுத்தவர், காரின் இசைத்தட்டுகளை வெளியிட்ட கோல்ட்வாக்ஸ் நிறுவனத்தின் குவின்டன் கிளாஞ்ச். பாட்டு ஜேம்ஸ் காருக்கே வர வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதன்படியே மெம்பிஸில் பதிவாகி, 1967இல் பட்டியலில் 10ஆம் இடம் பிடித்தது.

மறைந்து சந்திக்கும் இருவரைப் பற்றிய பாட்டு. ஒருநாள் பிடிபட்டுவிடுவோம் என்பது இருவருக்கும் தெரியும். அதிரும் கிட்டார் ஒலியோடு தொடங்கி, சுமார் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கதறுவதற்கு எல்லா இடமும் உள்ள பாட்டு அது. கார் கதறவில்லை. குரலில் பலம் இருக்கிறது, அந்தப் பலத்தைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறார். அச்சத்தைச் சொல்லும் வரிகளில் கொஞ்சம் திறக்கிறார். காதலர் இருவரைக் குறிக்கும் கடைசிச் சொற்களுக்கு வரும்போது தாழ்த்திக்கொள்கிறார். எங்கே விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரிந்த கலைஞரின் கணக்கு இது. அதை நோயின் கணக்கில் எழுதினால், அவர் உழைப்புக்குக் கூலி கொடுக்க மறுக்கிறோம் என்றுதான் பொருள். அரீதா ஃபிராங்க்ளின், பெர்சி ஸ்லெட்ஜ் உட்படப் பலரும் இதே பாட்டைப் பாடியிருக்கிறார்கள். இருந்தும் டான் பென்னின் மதிப்பில் காருடையதுதான் பாட்டு, மற்றவையெல்லாம் அதற்குப் பின்னால்.

அந்தத் தேர்ச்சி எங்கிருந்து வந்தது என்பதிலும் மர்மம் இல்லை. 1942இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, மெம்பிஸில் வளர்ந்து, இளம் வயதிலிருந்தே தேவாலயத்திலும் காஸ்பல் என்ற கிறித்துவப் பக்திப் பாடல் குழுக்களிலும் பாடியவர். ரத்த வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டெழுதிய ரூஸ்வெல்ட் ஜேமிசன் இவரையும் ஓ. வி. ரைட் என்ற இன்னொரு பாடகரையும் ஒரு நள்ளிரவில் கிளாஞ்சின் வீட்டுக்கு அழைத்துப்போய், கையோடு கொண்டுபோன ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினார். கதவைச் சாத்தாமல் கேட்ட கிளாஞ்சையும் பாராட்ட வேண்டும்.

நோய் இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது, கொடுமையாகவே இருந்தது. அது செய்தது என்ன என்பதுதான் கேள்வி. 1969இல் மசில் ஷோல்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்கின் முன்னால் வெகுநேரம் வெறித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த அமர்வில் பீ ஜீஸ் குழுவின் 'டு லவ் சம்பாடி' ஒன்றைத்தான் பாடி முடிக்க முடிந்தது என்பார்கள். கோல்ட்வாக்ஸ் மூடிய பிறகு, 1971இல் அட்லான்டிக் நிறுவனத்தில் ஒரே ஒரு இசைத்தட்டு. 1977இல் ரிவர் சிட்டி என்ற சிறிய நிறுவனத்தில் இன்னொன்று. 1991இல் மறுபடி கோல்ட்வாக்ஸ் பெயரில் ஒரு ஆல்பம். 2001 ஜனவரியில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார், வயது 58. நோய் அவருக்குக் குரலைக் கொடுத்தது என்பவர்கள் இந்த இடைவெளிகளை எண்ணிப் பார்க்கட்டும். முப்பதைத் தொடும் முன்பே அதுதான் அவர் வாயை அடைத்தது.

இப்போது உங்கள் அரிய பதிவுகள். ஒரு தட்டு ஏன் அரிதாகிறது? பெரும்பாலும் விற்காததால். கோல்ட்வாக்ஸ் மெம்பிஸில் ஒரு மருந்தாளுநரும் கிளாஞ்சும் சேர்ந்து நடத்திய சின்ன நிறுவனம்; விநியோகத்துக்கு அடுத்தவரை நம்பியிருந்தது. விற்காத தட்டுகளில் நல்லவையும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அட்லான்டிக்கில் வந்த 'ஹோல்ட் ஆன்' கேட்கத் தகுந்தது. அமெரிக்கா மறந்திருந்த காலத்தில் காரின் பாட்டுகளைத் தொகுத்து 'ஃப்ரீடம் ட்ரெயின்' என்ற இசைத்தட்டை வெளியிட்ட ஜப்பானியர்களுக்கும், பிறகு கோல்ட்வாக்ஸ் பதிவுகளை ஒழுங்காக மறுபதிப்புச் செய்த லண்டனின் கென்ட் நிறுவனத்துக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் வேலை அரியதை எளிதாக்கியது. நீங்களோ எளிதாகக் கிடைப்பதைத் தாண்டிக்கொண்டு அரியதை நோக்கி ஓடுகிறீர்கள். பந்தியில் இலை நிறையப் பரிமாறியிருக்க, சமையலறையில் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டப் போவானேன்?

1964 முதல் 1969 வரை கோல்ட்வாக்ஸில் வந்த தனித் தட்டுகள் (சிங்கிள்) ஒரே குறுந்தகட்டில் அடங்கியிருக்கின்றன. அதில் 'போரிங் வாட்டர் ஆன் எ டிரவுனிங் மேன்' என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள். அடுத்து 'லவ் அட்டாக்', அதன் பிறகு மெக்ளின்டன் எழுதிய இன்னொரு பாட்டான 'எ மேன் நீட்ஸ் எ வுமன்'. இவற்றைக் கேட்ட பிறகும் ஜப்பான் நாடாதான் வேண்டும் என்று தோன்றினால், எனக்கு எழுத வேண்டாம்.