நகையை அடகு வைத்து பயோடெக்னாலஜி படிக்க வைக்கலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் மீன் ஏலத் தொழில் செய்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த மகள், பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துத் தேறியிருக்கிறாள். நீட் வேண்டாமாம். வெளியூர்த் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. பயோடெக்னாலஜிக்கு வருடம் 1.2 லட்சம் கேட்கிறார்கள். வங்கியில் 4 லட்சம் டெபாசிட், வீட்டில் 12 பவுன் இருக்கிறது. டெபாசிட்டைத் தொடாமல் நகையை வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள் ஐயா. நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடத்தில் மீட்க வேண்டியது. உயிரியலில் சம்பளம் வர ஐந்தாறு வருடம் ஆகும். மூன்று வருடக் கட்டணம் 3.6 லட்சத்துக்கு 9 சதவீதம் என்று வைத்தாலும் வருடம் 32,400 ரூபாய் வட்டி. ஏலம் மந்தமான மாதத்தில் அதை எங்கிருந்து எடுப்பீர்கள்?

செவுளைத் தூக்கிப் பார்த்துத்தானே மீனுக்கு விலை சொல்வீர்கள்? பட்டத்தையும் அப்படிப் பாருங்கள். பள்ளி ஆசிரியராக பி.எட். வேண்டும், அப்புறம் தேர்வு வேண்டும். விலங்கியல், தாவரவியல் படித்தவர்களுக்கு அது நேர்வழி. பயோடெக்னாலஜி என்றால், அந்தப் பட்டம் இவற்றுக்குச் சமமா என்ற இணைத்தன்மைச் சிக்கல் வரலாம். ரத்தப் பரிசோதனை லேபுக்கு டி.எம்.எல்.டி. மாதிரித் தனிப் படிப்பு கேட்பார்கள். ஆராய்ச்சிக்கு எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) வாங்கினால், முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. எந்தப் பக்கம் போனாலும் வெறும் பி.எஸ்சி. போதாது. அதற்கே கையிருப்பைக் கரைத்துவிட்டால் அடுத்த படிப்புக்கு என்ன செய்வது?

தேவனாம்பட்டினம் பெரியார் அரசுக் கல்லூரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. விலங்கியல் சேர்ந்தால் வருடச் செலவு சில ஆயிரங்களில் முடியும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு கிடைக்கும்.

டெபாசிட்டை இரண்டாகப் பிரித்து, பி.எஸ்சி. முடிகிற வருடம் முதிர்கிற மாதிரி போட்டு வையுங்கள். மேற்படிப்புக்கும் ஊரை விட்டு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மீன்காரர் மகளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. புதுச்சேரியில் கொசு, நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டரும் உண்டு. அப்போது பணம் குறைந்தால் கல்விக்கடன் வாங்கலாம். 7.5 லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும்.

பயோடெக்னாலஜிதான் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால், எம்.எஸ்சி.யில் எடுக்கலாம். விலங்கியல் படித்தவர்களையும் பல இடங்களில் சேர்க்கிறார்கள். இப்போதைக்கு அரசுக் கல்லூரி விண்ணப்பத்தில் விலங்கியலை முதல் விருப்பமாகவும் தாவரவியலை இரண்டாவதாகவும் போடச் சொல்லுங்கள்.